சலவை அறைக்கு ஒரு ஜன்னல்

பதினான்கு ஆண்டுகள் அந்தக் கால்பந்து கிளப்புக்காக கோல் அடித்தவரை ஊரே 'இடதுகால்' என்றுதான் கூப்பிட்டது. வலது கால் அவருக்குச் சும்மா ஊன்றி நிற்க. ஆட்டத்தை விட்டு ஏழு ஆண்டுகள் ஆனபிறகு, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அவரையே கிளப்பின் தலைவராக்கினார்கள்.

"இத்தனை நாள் பந்தைத் துரத்துனீங்க, இனிமே ஃபைலைத் துரத்துங்க" என்று வழியனுப்பினாள் மனைவி.

முதல் திங்கட்கிழமை காலை, மூன்றாம் மாடி அறையில், பத்தாயிரம் பேர் உட்காரக்கூடிய புது கேலரியின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். கதவு தட்டாமலே திறந்தது. ஈர ஏப்ரனோடு சலவை அக்கா. இருபத்திரண்டு வருடங்களாகக் கிளப்பின் துணிகளையெல்லாம் துவைப்பவர்.

"உக்காருங்கக்கா."

"உக்கார நேரமில்ல தம்பி. ரெண்டு மிஷின்ல ஒண்ணு மண்டையைப் போட்டுடுச்சு. இன்னொண்ணு தள்ளாடுது. முன்னாடி இருந்தவர்கிட்ட நாலு தடவை சொன்னேன், பாக்கலாம்னாரு. நீங்களும் பாக்கலாம்னு சொல்லிடாதீங்க."

தலைவரின் நாக்கு நுனியில் அந்தச் சொல்தான் நின்றது. விழுங்கிக்கொண்டு, "வாங்க, இப்பவே போவோம்" என்று எழுந்தார்.

சலவை அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஆண்கள் அணி, பெண்கள் அணி, ஜூனியர் அணி என்று மூன்று கூடைகளில் அழுக்குத் துணி குவிந்து கிடந்தது. மிஷின் ஓடிய ஓட்டத்தில் இடத்தை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

"கட்டிப் புடிச்சுக்குங்க. இல்லன்னா கதவு வரைக்கும் நடந்து போயிடும்."

தலைவர் கோட்டோடு அதைக் கட்டிப் பிடித்தார். அக்கா ஒரு வெள்ளை சாக்ஸை எடுத்துப் பச்சைக் கறையைத் தேய்த்தபடியே கேட்டார்: "கோல் அடிச்சா முட்டி போட்டுப் புல்லுல சறுக்குறத இந்த கிளப்புல ஆரம்பிச்சு வச்சது யாரு?"

"நான்தான்க்கா. இருநூத்திப் பன்னெண்டு கோல்."

"எனக்கு இருநூத்திப் பன்னெண்டு கறை. மேல கூரை அதிரும். சரி, அடிச்சுட்டாரு, சாக்ஸ் போச்சுன்னு நெனச்சுக்குவேன். கண்ணால ஒண்ணைக்கூடப் பாத்ததில்ல."

தலைவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றும் போனது. அந்த நொடியில் பிடி தளர்ந்தது. மிஷின் ஓர் அடி முன்னே வைக்க, பின்னாலிருந்த குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அவர் பாய்ந்து விழுந்து குழாய் வாயை உள்ளங்கையால் அடைத்தார்.

அவரைத் தேடி வந்த செயலாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். "சார்... கேலரி விஷயமா ஆர்க்கிடெக்ட் வந்திருக்காரு."

"இங்கயே வரச் சொல்லுங்க. வரைபடத்தையும் எடுத்துட்டு வாங்க. அப்படியே ஒரு பிளம்பரையும் கூப்பிடுங்க."

பிளம்பர் குழாயை முடுக்கினார். செத்த மிஷினின் தலைமேல் வரைபடம் விரிந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இதுல துவைக்கிற இடம் எங்க இருக்கு?"

ஆர்க்கிடெக்ட் மேலும் கீழும் தேடினார். போட மறந்திருந்தார். பென்சிலை எடுத்து, "எங்க வேணும் சொல்லுங்கம்மா" என்றார்.

"தரைத் தளத்துல. மைதானத்தைப் பாத்த மாதிரி ஒரு ஜன்னலோட."

"பெரிய ஜன்னலாப் போடுங்க" என்றார் தலைவர், கோட்டைப் பிழிந்தபடி.

வியாழக்கிழமை இரண்டு புது மிஷின்கள் வந்திறங்கின. கேலரி கட்டி முடிக்க இரண்டு வருடமாகும். அதுவரை காத்திருக்கத் தலைவருக்குப் பொறுமையில்லை. சனிக்கிழமை ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது கீழே இறங்கிப் போனார். பெண்கள் அணியின் துணி பாதியில் சுழன்றுகொண்டிருந்தது. தானே சுவிட்சை அணைத்தார்.

"துணி ஊறினா ஒண்ணும் ஆயிடாது. வாங்கக்கா."

விருந்தினர் வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். அக்கா முதலில் இருக்கை நுனியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தார். எண்பதாவது நிமிடத்தில் கிளப்பின் ஏழாம் எண்காரன் தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் தள்ளினான். அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் முன்வரிசைப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். தலைவரின் இடது காது கொஞ்ச நேரம் அடைத்தே போயிற்று.

அவர் இன்னொரு காதைக் கொடுத்தார்.

"அடுத்த ஆட்டம் என்னைக்கு?" என்று கேட்டார் அக்கா.