சுவரைத் தொடக் கூடாது

மலை ரயில் பாதையின் கடைசி வளைவில், கல் பாலத்தை ஒட்டி ஒரு கேங்மேன் குவார்ட்டர்ஸ். அண்ணனும் தங்கையும் பிறந்து வளர்ந்த வீடு. அப்பாவுக்குப் பிறகு தண்டவாள வேலையும் அந்த வீடும் அண்ணனுக்கு வந்தன. தங்கை படித்து, பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் இன்ஜினியர் ஆனாள்.

கூரை ஒழுகுகிறது என்று அண்ணன் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். ஆபீசில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாதையைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகுதான் விடிவு வந்தது. பாலம், சுரங்க முகப்பு, குவார்ட்டர்ஸ் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு தங்கையிடமே வந்து சேர்ந்தது.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா? என் தங்கச்சி கையாலயே நம்ம கூரை மாறப்போகுது!" என்று அண்ணியிடம் பீற்றிக்கொண்டான். வேலை முடியும்வரை குடும்பத்தோடு பக்கத்துத் தகரக் கொட்டகைக்கு மாறினான்.

அவளும் பார்த்துப் பார்த்துத்தான் செய்தாள். ஒழுகலை அடைக்க அண்ணன் அப்பியிருந்த சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசவைத்தாள். பழைய வரைபடத்தில் இல்லை என்று, அண்ணி ஆசையாகக் கட்டிய சமையல் மேடையை இடிக்கச் சொன்னாள். அண்ணியின் முகம் சுண்டிப்போயிற்று.

கூரை வேய்ந்து முடிந்ததும் மேலதிகாரி வந்து சுற்றிப் பார்த்தார்.

"பிரமாதம்மா! இனிமே இதுல யாரும் குடியிருக்கக் கூடாது. மியூசியம் ஆக்கிடலாம். அந்தக் காலத்துத் தொழிலாளி எப்படி வாழ்ந்தான்னு ஜனங்க பாக்கட்டும்."

"சார், தொழிலாளி அந்தக் கொட்டகையில இன்னும் வாழ்ந்துட்டுதான் இருக்கார்."

"அவருக்கு டவுன்ல வீடு தந்துடுவோம். அடுப்புப் புகை பட்டா காரை கெட்டுடும்னு மீட்டிங்ல நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவள்தான். பெரிய ஆபீஸ்வரை நடந்து மன்றாடிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனிடம் சொன்னபோது முதலில் அவன் சிரித்தான்.

"விளையாடாத."

அவள் தலைகுனிந்து நின்றாள்.

"ஓ... ஒழுகுற வீடு எங்களுக்கு, ஒழுகாத வீடு வேடிக்கை பாக்க வர்றவனுக்கு. அப்படித்தானே? அப்படின்னா இந்த வேலையே வேணாம்னு நீ சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பாலத்து வேலை இன்னும் பாதியில்தான் இருந்தது. அந்தப் பாலத்தைப் புதுப்பித்து முடிக்கும் ஆசை அவளுக்கு இருந்தது.

திறப்பு நாளில் நல்ல கூட்டம். பழைய பாணிக் காக்கி உடுப்பில், கையில் பச்சைக் கொடியோடு வாசலில் ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். அண்ணன்தான். மேலிடத்து உத்தரவு, மறுக்க முடியாது. உள்ளே போன தங்கை தன்னையறியாமல் சுவரில் கை வைத்தாள்.

"மேடம், செவுத்தத் தொடாதீங்க," என்றான் அண்ணன், வாசலிலிருந்தே.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவன் அடுத்தவர்களுக்கு வழிகாட்டத் திரும்பிவிட்டான்.

அன்று மாலையே அண்ணனுக்குத் தந்திருந்த டவுன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்தாள், தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை.