சொல்லும்வரை நிறுத்தக் கூடாது

என் புகுந்த வீட்டில் யாரும் கை ஓங்க மாட்டார்கள். கெட்ட வார்த்தையும் வராது. அதற்கெல்லாம் பதிலாக நடித்துக் காட்டுவார்கள். நீங்கள் எப்படி நடக்கிறீர்கள், எப்படி மூக்கை உறிஞ்சுகிறீர்கள், போன வருஷம் எங்கே வழுக்கி விழுந்தீர்கள் என்று எல்லாவற்றையும் உங்கள் கண்ணெதிரே செய்து காட்டுவார்கள். செத்துப்போன என் மாமனார் ஆரம்பித்து வைத்த விளையாட்டு இது. வருஷத்தில் ஒருமுறை மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு வரும்போது எங்காவது ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து மொத்தக் குடும்பமும் கூடும். நடு நாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும் சோபாக்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு விளையாட உட்கார்ந்துவிடுவார்கள்.

நடிக்கிறவர் பெயரைச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் சேர்ந்து "யாரு இது?" என்று கத்த வேண்டும். யாரை நடிக்கிறார்களோ அவரே எழுந்து நின்று "நான்தான்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லோரும் கைதட்டுவோம். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் நடிப்பு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். சொல்லும்வரை நிறுத்தக் கூடாது, அதுதான் சட்டம். நம்மைப் பார்த்து நாமே சிரிக்கத் தெரிய வேண்டும் என்பாராம் மாமனார். அவரை ஒருத்தராவது நடித்துக் காட்டியிருப்பார்களா என்று நான் கேட்டுப் பார்த்தேன், பேச்சை மாற்றிவிட்டார்கள்.

இப்போது விளையாட்டை நடத்துவது என் வீட்டுக்காரரின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார், வீட்டில் எல்லோருக்கும் அவர் வாத்தியார். கற்றுக்கொடுக்கிற காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அந்தப் பழக்கம் அவரை விடுவதே இல்லை. யாராவது அவருக்குப் பிடிக்காமல் பேசினால் உட்கார்ந்த இடத்திலேயே வலது கால் தரையை அழுத்தும்.

விளையாட்டின் கடைசி ஐட்டம் எப்போதும் 'வாசல்'தான். அதை வாத்தியார் மட்டும்தான் நடிப்பார். அது குட்டியைப் பற்றியது. குட்டி என் நாத்தனார், நாற்பதைத் தொடப் போகிறாள், இன்னமும் குட்டி. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லி, ஒரு மதியம் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு பேச வருவதாக இருந்தது. வரவில்லை. குட்டி இருட்டும்வரை வாசல் கேட்டருகில் நின்றாள். ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எம்பிப் பார்ப்பாள், முடியைச் சரிசெய்வாள், கார் தாண்டிப் போனதும் போனைப் பார்த்து ஏதோ வேடிக்கையான சேதி வந்ததுபோலத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் ஒன்றையும் விடாமல் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். அந்த வருஷம் முதல் எம்பல், முடி, போன், சிரிப்பு என்று வரிசையாக வரும். வீடே உருளும். குட்டி எழுந்து "நான்தான்" என்பாள். நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷம் பார்த்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். யாராவது பார்த்திருந்தால் அடுத்த வருஷம் அதையும் நடித்திருப்பார்கள்.

இந்த வருஷம் குட்டி ஓர் ஆளோடு வந்தாள். லிஃப்ட் மெக்கானிக். மனைவியை இழந்தவர். அடுத்த மாதம் ரெஜிஸ்டர் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. வந்திறங்கியதுமே கதவுகளைத் தள்ளிப் பார்த்தார், மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், என்ன கேட்டாலும் "சரிங்க, சரிங்க" என்றார். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரி ரிசப்ஷனில். நாள் முழுக்கக் கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்கிறவள், எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். அதை நம்பித்தான் குட்டி என்னைச் சமையல்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அண்ணி, இந்த வருஷம் வாசல் மட்டும் வேணாம்னு பெரியண்ணன்கிட்ட சொல்லுங்க. நான் கட்டிக்கப்போறவருக்கு அது தெரியாது. தெரிஞ்சா என்னைப் பார்க்கிற பார்வையே மாறிடும்."

"சொல்றேன். நீ கவலைப்படாதே."

"இன்னொண்ணு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவருக்கு இடது காது சுத்தமா கேக்காது. வலது காதும் பாதிதான். மோட்டார் ரூம் சத்தத்துலயே கிடந்து போயிடுச்சு. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். என்கிட்ட மட்டும்தான் சொல்லிருக்கார். நீங்க எப்பவும் அவருக்கு வலப்பக்கமா உட்காருங்க, என்ன?"

கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிற பெண் அவள். மூக்குக் கண்ணாடியின் பொடி ஸ்குரூவைத் திருகுகிற விரல்களால் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் நேரே வாத்தியாரிடம் போனேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"என்னம்மா நீ, கல்யாணப் பொண்ணைக் கஷ்டப்படுத்துவேனா?"

நானும் நம்பித் தொலைத்தேன்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் நான் பரிமாறப் போய்விட்டேன், வலப்பக்கம் காலி. எதிரே இருந்த என் மாமியார் தழைந்த குரலில், "உங்க மொத சம்சாரம் எப்படிப்பா போச்சு?" என்று கேட்டார். லிஃப்ட்காரர் தட்டைக் காட்டி முகமெல்லாம் சிரிப்பாக, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார். மாமியாரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. குட்டி அவசரமாகக் குறுக்கே விழுந்து, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதாக நினைத்துவிட்டார், ரொம்பக் கூச்ச சுபாவம் என்று சப்பைக்கட்டு கட்டினாள். வாத்தியார் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். ஆனால் லிஃப்ட்காரரின் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அன்றைக்கே பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் மழை. ஒருத்தரும் வெளியே போக முடியாமல், சாப்பிட்ட கையோடு எல்லோரும் ஹாலில் வந்து அடைந்துகொண்டார்கள். நான் ஓடிப்போய் லிஃப்ட்காரருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய ஒன்றுவிட்ட தம்பி என்று வழக்கமான ஆட்களின் நடிப்பு ஒரு சுற்று முடிந்தது. லிஃப்ட்காரர் நன்றாகவே சிரித்தார். பிறகு வாத்தியார் எழுந்தார்.

"இந்த வருஷம் ஒரு மாத்தம். குட்டி நடிக்கட்டும். பாவம், இத்தனை வருஷமா பார்த்துக்கிட்டே இருக்கா."

குட்டி வேண்டாம் என்று தலையாட்டினாள். வாத்தியார் அவளருகே போய்ச் சிரித்த முகத்தோடு சொன்னார்.

"ரெண்டுல ஒண்ணு. நீ உன் ஆளைப் பண்ணு. இல்லேன்னா நான் வாசலைப் பண்றேன். அவரும் ஒரு தடவை பார்க்கட்டுமே."

"அத்தான், அது வேணாம்னு ஒத்துக்கிட்டீங்கல்ல?" என்றேன்.

"கஷ்டப்படுத்த மாட்டேன்னுதாம்மா சொன்னேன். இதுல என்ன கஷ்டம்?" அவர் வலது கால் தரையை அழுத்தியது. என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவருடைய வீரமெல்லாம் என் முழங்கையோடு சரி.

குட்டி நடுவில் போய் நின்றாள். முதலில் சின்னதாகத்தான் செய்தாள். இல்லாத கதவு ஒன்றைத் திறந்து, ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து, தரை தாங்குமா என்று அழுத்திப் பார்த்துவிட்டு மறு காலை வைத்தாள். அவர் அப்படித்தான் எந்த அறைக்குள்ளும் நுழைவார். அன்போடு பார்த்தவளுக்குத்தான் அது தெரியும். இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம்.

வாத்தியார் சத்தமாகக் கொட்டாவி விட்டார். பையிலிருந்து போனை எடுத்தார். மெல்ல எம்பி, முடியைச் சரிசெய்துகொண்டார். குட்டி அதைப் பார்த்தாள்.

அப்புறம் அவள் தலை சாய்ந்தது. இடது காதை ஒதுக்கி, வலது காதை முன்னே நீட்டி, பேசுகிறவரின் உதட்டையே பார்த்தபடி, முகத்தில் ஒரு தயாரான சிரிப்பு. "சரிங்க, சரிங்க."

வீடு அதிர்ந்தது. குட்டி இன்னொரு பக்கம் திரும்பினாள். எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, வாய்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு மூச்சு தாமதமாகத் தானும் சிரித்தாள். இப்போது சில பேருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்பன் திறமை மொத்தமும் இவளுக்குத்தான் வந்திருக்கிறது, இத்தனை வருஷமாக ஒருத்தருக்கும் தெரியவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது பயம் இல்லை, சந்தோஷம். இந்த வீட்டில் முதல் தடவையாக அவளோடு சேர்ந்து சிரிக்கிறார்கள்.

மாமியாருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. உட்கார்ந்தபடியே எடுத்துக் கொடுத்தார்.

"உங்க மொத சம்சாரம் எப்படிப்பா போச்சு?"

குட்டி தலையைச் சாய்த்தாள். அம்மாவின் உதட்டைப் படித்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

"யாரு இது? யாரு இது?" என்று எல்லோரும் கத்தினார்கள். ஒருவரும் எழவில்லை. லிஃப்ட்காரர் சுற்றுமுற்றும் வாய்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒரு மூச்சு தாமதமாகச் சிரித்தார். நடுவில் நின்று அவள் காட்டியது அச்சு அசலாக இங்கே சோபாவில் நடந்தது. சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அது பெரிதானதைப் பார்த்து அவரும் பெரிதாகச் சிரித்தார்.

குட்டியின் முகம் அப்போதுதான் மாறியது. "போதும்ணா" என்றாள்.

"சொல்லும்வரை நிறுத்தக் கூடாது" என்றார் வாத்தியார்.

அவள் திரும்பச் செய்தாள். தலை சாய்ந்தது, உதட்டைப் பார்த்தாள், "சரிங்க" வந்தது. யாரு இது? மறுபடியும் செய்தாள். குரல் கரகரத்தது.

"எந்தக் காதும்மா? சரியா தெரியலையே. தெளிவா காட்டு" என்றார் வாத்தியார்.

குட்டி இடது காதை உள்ளங்கையால் முழுதாக மூடினாள். வலது காதைப் பாதி மூடினாள்.

லிஃப்ட்காரர் என் பக்கம் குனிந்தார். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. "யாரைங்க பண்றாங்க?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவர் எழுந்து சொல்லாதவரை இது நிற்காது, சாயங்காலம்வரை அவளை ஆட்டிவைப்பார்கள். அவர் வலது காதில் சொன்னேன்.

"உங்களைத்தான்."

அவர் நிமிர்ந்து குட்டியைப் பார்த்தார். அவள் கைகள் இன்னமும் காதுகளில் இருந்தன. அவர் எழுந்து நின்றார். காது மந்தமானவர்கள் பேசுகிற அந்த உரத்த குரலில் "நான்தான்" என்றார். கைதட்டல் மழைச் சத்தத்தை அமுக்கிவிட்டது. வாத்தியார் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "இனிமே நீங்க நம்ம வீட்டு ஆளு மாப்ளை" என்று அவரது இடது காதில் சொன்னார். லிஃப்ட்காரர் "சரிங்க" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் காலை எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டி அவருடைய காரில் போய் அவர் வீட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு. விடிந்ததுமே தன் பையைக் காரின் டிக்கியில் வைத்துவிட்டாள். அவர் எல்லோரிடமும் பதவிசாக விடைபெற்றுக்கொண்டு போய், காரின் முன் கண்ணாடியைத் துடைத்தார். நான் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டி அவருக்கு இடப்பக்கம் போய் நின்று ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியாதா? வலப்பக்கம் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் துணியை மடித்து வைத்தார். டிக்கியைத் திறந்து அவள் பையை எடுத்தார். ஈரமில்லாத இடமாகப் பார்த்துக் கேட்டருகில் வைத்தார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

"உள்ளே வா குட்டி."

"இடப்பக்கமா நின்னு சொல்லிட்டேன் அண்ணி. அவருக்குக் கேட்டிருக்காது" என்றாள். "திரும்பி வந்ததும் வலப்பக்கமா நின்னு சொல்லணும்."

"அவர் பையை இறக்கி வச்சிட்டுப் போயிட்டாருடி."

தெருமுனையில் ஒரு கார் சத்தம் கேட்டது. குட்டி எம்பிப் பார்த்தாள். முடியைச் சரிசெய்தாள். கார் தாண்டிப் போயிற்று. அவள் போனை எடுத்துப் பார்த்து, தனக்குத்தானே லேசாகச் சிரித்துக்கொண்டாள்.

"எல்லாரும் வாங்க! ஓடி வாங்க! வாசல்! ஒரிஜினல்!"

வாத்தியாரின் குரல் மாடி பால்கனியிலிருந்து வந்தது. தடதடவென்று கால்கள் ஓடின. நான் தலையைத் தூக்கி, என் தொண்டை கிழிய, "மனுஷங்களா நீங்க? உள்ளே போங்க!" என்று கத்தினேன். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. என்னை நடிக்க அடுத்த வருஷத்துக்கு அவர்களுக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

"யாரு இது?" என்று மாமியார் ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரு இது? யாரு இது? குட்டி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் நிறுத்தவில்லை. சட்டம் அப்படி.

குட்டி போனைப் பைக்குள் வைத்தாள். திரும்பி, பால்கனியைப் பார்த்து நேராக நின்றாள்.

"நான்தான்" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார்.