இஸ்திரி போட்ட ஓடுதளம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் வாய் திறந்திருந்தது. பேசுவதற்காக அல்ல. உடைந்த கடைவாய்ப்பல்லுக்கு உறை போடப் போயிருந்தேன். பல் மருத்துவர் வாய்க்குள் பஞ்சை அடைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். உறையைச் செய்யப்போகும் டெக்னீஷியன், என் மற்றப் பற்கள் என்ன நிறம் என்று பார்க்க வந்தார். பார்த்துக்கொண்டே பேசினார்.

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள் இருக்கிறதல்லவா, அதற்குத் தன் ஊரையே நிலக்காட்சியாகச் செய்து போடுவது அவருடைய பொழுதுபோக்கு. “ரன்வேக்கு இஸ்திரி போட்டுட்டேன் சார், அதுல வந்த வினை” என்றார். அக்காவின் மூன்றாவது விமானத் தேர்வு என்றார். அன்று காலை விமானத்திடலின் கேட்டருகே நின்றதைச் சொன்னார். அப்போது மருத்துவர் வந்து துளைக்கும் கருவியை ஓடவிட்டார். முடிவையும் டெக்னீஷியன் சொன்னார். உதடு அசைந்ததைப் பார்த்தேன். காதில் எதுவும் விழவில்லை.

மறுபடி போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். உறை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. போகக் காரணம் இல்லை.

2

முதல் தொடக்கம்: “வானம் எல்லோருக்கும் பொது. ஆனால்” – அடித்துவிட்டேன். ஆனால் என்ன என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் தொடக்கம்: “அக்கா விமானத்தின் கதவைச் சாத்தினார். தம்பியின் கண்கள்” – இதையும் அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கண்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

மூன்றாவதாக, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தொடங்குகிறேன். விளக்கப் போகிறேன்.

அந்த மென்பொருளில் உலகம் முழுவதும் உண்டு. பெரிய நகரங்கள் அச்சு அசலாக இருக்கும். மற்ற ஊர்களுக்குப் பொத்தாம்பொதுவாகப் பச்சைப் புல், ஒரே அச்சில் வார்த்த வீடுகள், யாரும் போகாத சாலை. டெக்னீஷியன் தன் தெருவுக்கு மேலே முதன்முதலாகப் பறந்தபோது, அவர் வீடு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு காடு இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் மானப் பிரச்சினை.

சரிசெய்ய மூன்று அடுக்கு வேலை. முதலில் நிலத்தின் மேடு பள்ளம்: ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு உயரம் என்ற எண்கள், வலைபோலப் பின்னியிருக்கும். அதன்மேல், வானிலிருந்து எடுத்த நிலப்படத்தைப் போர்வைபோல விரிக்க வேண்டும். போர்வைக்கடியில் தலையணை இருந்தால் எப்படிப் புடைக்குமோ, அப்படிக் குன்றுகள் எழும். கடைசியாக அதன்மேல் வீடு, மரம், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக நட வேண்டும்.

[கதையும் இப்படித்தான் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். நீங்களே யோசித்துக்கொள்ளக்கூடியது. எடுத்துவிட்டேன்.]

இதில் பொறுமை வேண்டும். பல் உறை செய்கிறவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொழிலில் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்: எதுவாவது இம்மியளவு உயர்ந்திருந்தால் ராவிவிடுவது. உறை உயர்ந்திருந்தால் கடிக்கும்போது இடிக்கும், நோயாளி திட்டுவார். ஆகவே ஊருக்கு வெளியே இருக்கும் சின்ன விமானத்திடலை விரித்தபோது, ஓடுதளம் ஒரு முனையிலிருந்து மெல்ல ஏறி, நடுவில் முதுகு தூக்கி, மறுமுனைக்கு இறங்குவதைப் பார்த்தார். உயர எண்களில் ஏதோ பிழை என்று முடிவுகட்டினார். ஓடுதளத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, உள்ளே இருப்பதெல்லாம் சமமாகட்டும் என்று கட்டளை கொடுத்தார். அது மழமழவென்று ஆனது. மடிப்புக் கலையாத சட்டை மாதிரி.

அந்தத் திடலுக்கு அவர் அதுவரை போனதே இல்லை.

3

இப்போது அக்கா. இவர்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

டெக்னீஷியன் “அக்கா” என்று மட்டும்தான் சொன்னார். என்ன வேலை, என்ன வயது, எதுவும் சொல்லவில்லை. என் வாயில் பஞ்சு. முதல் பிரதியில் அவரை ஆசிரியை ஆக்கினேன். எல்லாரையும் திருத்திக்கொண்டே இருந்தார்; கதை நகரவில்லை. இரண்டாம் பிரதியில் கட்டட வேலையிடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறார். உடனே உயிர் வந்துவிட்டது. உச்சியில் ஒரு சின்னக் கூண்டு. அங்கிருந்து, கீழே நிற்பவனின் உள்ளங்கை அளவு இடத்தில் இரும்புத் தூணை இறக்குகிறவர். அவருக்குச் சோறு போடுவது கண்.

ஓய்வு நாள்களில் அந்தத் திடலின் விமானக் கிளப்பில் பழகுகிறார். இரண்டு முறை தேர்வில் தவறிவிட்டார், இரண்டு முறையும் தரையிறங்கும்போது. மூன்றாவதும் போனால் கிளப் அவரை நீக்கிவிடும், அது விதி. ஆனால் அவருக்குப் பெரிய பயம் அது அல்ல. வீட்டில், தம்பி செய்த நிலக்காட்சியில், வெண்ணெய்மேல் கத்திபோல இறங்குகிறார். திடலில் அதையே செய்தால் சக்கரம் தரையில் மோதித் துள்ளுகிறது. ஒரே ஆள், ஒரே கை. அப்படியானால் கெட்டுப்போனது கண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று தானே முடிவுசெய்து, கண்ணாடி வாங்கிக்கொண்டார். கிரேனிலிருந்தும் தானே இறங்கிவிட்டார்.

(துள்ளக் காரணம் என்ன? ஓடுதளம் நம்மைவிட்டு மேல்நோக்கி ஏறினால், காற்றிலிருந்து பார்க்கும்போது அது செங்குத்தாகத் தெரியும். சமதளத்துக்குப் பழகிய கண் அதை “நாம் அதிக உயரத்தில் இருக்கிறோம்” என்று படிக்கும். கை தானாக விமானத்தின் மூக்கைத் தாழ்த்தும். தரையோ ஏறி வந்துகொண்டிருக்கும். மீதியைச் சக்கரம் சொல்லும்.)

கெட்டிக்கார வாசகர் ஒருவர் இந்த இடத்தில் கை தூக்குவார்: பயிற்சி கொடுப்பவர் மேட்டைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டாரா? கதையில் ஓட்டை. ஒத்துக்கொள்கிறேன். அடைக்கிறேன்: சொன்னார். முதல் நாளே சொன்னார். அக்கா வீட்டுக்கு வந்து தம்பியிடம் கேட்டார்.

“டேய், அங்க மேடு இருக்குன்னு வாத்தியார் சொல்றாரு. உன்னோடதுல காணோமே?”

“அது டேட்டால வந்த தப்புக்கா. அப்பவே சரி பண்ணிட்டேன்.”

“அவர் கண்ணால பார்த்துட்டுச் சொல்றாருடா.”

“கண்ணு ஏமாத்தும். என்கிட்ட நம்பர் இருக்கு.”

அக்கா தம்பியை நம்பினார். வாத்தியாரிடம் எண் இல்லை, பாவம்.

ஓட்டை அடைபட்டது. தம்பிதான் மாட்டிக்கொண்டார்.

4

தேர்வு நாள். “நீ வந்தா எனக்குக் கவனம் சிதறும்” என்று இதுவரை தம்பியை வரவிடாத அக்கா, அன்று தன் வண்டி பழுதானதால் அவருடைய பைக்கில் ஏறினார். [வண்டியைப் பழுதாக்கியது நான். வேறு வழி தெரியவில்லை.]

அக்கா காத்திருக்கும் அறைக்குப் போய்விட, தம்பி ஓடுதளத்தின் ஒரு முனையில் இருந்த கம்பிக் கேட்டருகே நின்றார். புல் வெட்டும் டிராக்டர் ஓடுதளத்தின் மறுமுனையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதாவது, சத்தம் வந்துகொண்டிருந்தது. டிராக்டரைக் காணோம். பிறகு தரையிலிருந்து ஒரு தொப்பி முளைத்தது. தொப்பிக்குக் கீழே முகம். முகத்துக்குக் கீழே தோள், ஸ்டியரிங், கடைசியாகச் சக்கரம்.

தம்பிக்குப் புரிய அந்தத் தொப்பியே போதும்.

5

இங்கே எனக்கு மூன்று வழி இருந்தது.

ஒன்று: தம்பி வாயைத் திறக்கவில்லை. அக்கா தவறுகிறார், கடைசிவரை தன் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டே கிரேனுக்குக் கீழே நிற்கிறார். எழுதினேன். அதற்குப் பிறகு தம்பியோடு ஒரே அறையில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு: தம்பி இரவோடு இரவாக மேட்டைத் திரும்பப் போட்டுவிடுகிறார், அக்கா – முடியாது. தெரிந்ததே காலையில்தான்.

மூன்று: போய்ச் சொல்கிறார்.

“அக்கா, ஒரு நிமிஷம்.”

“பாத்ரூம் அந்தப் பக்கம்.”

“அது இல்லக்கா. ரன்வேல மேடு இருக்கு.”

“எந்த ரன்வேல?”

“இங்கதான். டிராக்டர் வந்துச்சு. மொதல்ல தொப்பிதான் தெரிஞ்சுது.”

அக்கா தண்ணீர் பாட்டிலை மூடினார். “டேட்டா தப்புன்னு சொன்னியே.”

“டேட்டா சரிதான். நான்தான் தப்பு. நான்தான் தேய்ச்சுத் தட்டையாக்கிட்டேன்.”

“தேய்ச்சியா?”

“இஸ்திரி போட்ட மாதிரி.”

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். “அப்ப இது எதுக்குடா?”

“உனக்கு நல்லாத்தான் இருக்கு.”

“வாயை மூடு. மேஸ்திரிகிட்ட நானே போய், கண்ணு சரியில்ல, வேற ஆளை ஏத்துங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என் கிரேன்ல இப்ப எவனோ உட்கார்ந்திருக்கான். நான் கீழ நின்னு அவனுக்குக் கயிறு மாட்டிட்டிருக்கேன். தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் சாயங்காலம் ஆனா ‘வாக்கா, இன்னொரு தடவை இறங்கிப் பாரு’ன்னு கூப்பிட்டியா?”

உள்ளேயிருந்து யாரோ காகிதம் புரட்டும் சத்தம்.

“கண்ணு ஒண்ணும் ஆகலக்கா. நான் பழக்கினதுதான் கோணல். ரன்வே செங்குத்தா தெரியும். உயரத்துல இருக்கறமோன்னு தோணும். தோணட்டும், விடு. மூக்கைத் தள்ளாத.”

“கைக்குப் பழகிடுச்சேடா. இப்ப வந்து சொல்ற. சட்டைன்னா கசக்கிடலாம். கையை எப்படிடா கசக்கறது?”

தேர்வாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். அக்கா எழுந்தார்.

இந்தக் காட்சியின் முதல் பிரதியில், கண்ணாடியைத் தம்பியின் சட்டைப்பையில் வைத்துவிட்டு அக்கா நிமிர்ந்து நடந்தார். படித்துப் பார்த்தேன், எங்கிருந்தோ வயலின் கேட்டது. திருத்தினேன்: கண்ணாடியைப் போட்டுக்கொண்டே போனார். பரிசோதனைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனதால், மருத்துவச் சான்றிதழில் “கண்ணாடியுடன்” என்று எழுதிவிட்டார்கள். கழற்றினால் தேர்வு செல்லாது.

6

விமானத்தில் இரண்டு இருக்கைகள். ஒன்றில் அக்கா, மற்றதில் தேர்வாளர். எழுத்தாளனுக்கு இடமில்லை. ஆகவே நானும் கேட்டருகே தம்பியோடு நிற்கிறேன்.

விமானம் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனைக்கு அப்பால் வளைந்து, நேராக எங்களைப் பார்த்துத் திரும்பியது. இறங்கியது. மூக்கு தாழ்கிறதா என்று பார்த்தேன். நேரெதிரே வரும் விமானத்தில் அது தெரியாது. இன்னும் இறங்கியது. முதலில் சக்கரங்கள் மறைந்தன. பிறகு இறக்கைகள். கடைசியாக வாலின் நுனி. நடுவில் மேடு.

தம்பியின் நிலக்காட்சியில் இதே கேட்டருகே நின்றால் ஓடுதளம் முழுக்கத் தெரியும். அங்கே யாரும் எதையும் தவறவிட முடியாது. இங்கேயும் என்னால் அதைச் செய்ய முடியும். “அந்த இடத்தில் மேடு இல்லை” என்று ஒரு வாக்கியம் போதும். எழுதினேன். அக்கா இறங்குவது நன்றாகத் தெரிந்தது. மிக நன்றாக, வீட்டில் இறங்குவதுபோல. அடித்துவிட்டேன். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று இந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் சமப்படுத்தியாயிற்று.

மேடு இருக்கட்டும். காது மிச்சமிருக்கிறது. சக்கரம் தரையைத் தொடும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். நல்ல இறக்கம் என்றால் ஒரு முறை. துள்ளினால், சற்று இடைவெளிவிட்டு இன்னொன்று.

கிறீச்.

தம்பி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, மேட்டைப் பார்த்தபடியே, யாரிடம் என்றில்லாமல் கேட்கிறார்: “ஒண்ணுதானே? ஒண்ணுதானே கேட்டுது?”

அந்த இடைவெளி இன்னும் முடியவில்லை. நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை. நீங்கள் அவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள், பதில் சொல்லுங்கள்.