தெளிந்த தண்ணீர் வந்தால்தான் சாவி

என்னை மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் என்பான் ராய்ஸ்டன். நாங்கள் இருவரும் சேர்ந்து தானா ராத்தா என்ற மலையூரில் ஒரு சின்னக் கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்துகிறோம். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்தபின் வரும் முதல் பெருமழையில், அந்த இடத்தை விட்டு வெளியேறும் தண்ணீரை ஒரு கண்ணாடி கிளாஸில் பிடிப்போம். தெளிவாக இருந்தால்தான் சாவியைக் கொடுப்போம். 2013 வெள்ளத்தில், கீழே லெம்பா பெர்த்தாமில் என் அக்கா வீட்டுச் சமையலறைக்குள் புகுந்த சேற்றை அள்ளிக் கொட்டியவள் நான். அதனால் இந்த விஷயத்தில் என்னிடம் பேரம் பேசிப் பயனில்லை.

குகனேஸ்வரன் அண்ணன் பேசிப் பார்த்தார்.

தேயிலைச் சரிவில் அவருக்கு ஒரு தேநீர் விடுதி கட்டியிருந்தோம். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. மலையில் ஒரு கூடை மண்ணைக்கூட வெட்டிச் சமன் செய்யவில்லை. கட்டடம் தூண்கள் மேல் நின்றது. மழைத்தண்ணீர் அதன் அடியில் ஓடிப் புல்லுக்குள் இறங்கிப் போகும். உத்திரமெல்லாம் பழைய தேயிலைத் தொழிற்சாலையைப் பிரித்தபோது கிடைத்த மரம். நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் அழகாக இருந்தது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் மழை கொட்டியது. ஓடிப்போய்க் கிளாஸில் பிடித்தேன். பால் ஊற்றிய தேநீர் மாதிரி இருந்தது தண்ணீர்.

"யாரு பாக்கப் போறா? கீழ ஊத்திட்டு வாங்க லா, கேத்லீன்," என்றார் அண்ணன்.

என் கட்டடம் இப்படிச் செய்யாது. நனைந்துகொண்டே சுற்றி வந்தேன். சமையலறைக்குப் பின்னால் சரிவை வெட்டி, கார் நிறுத்தும் மைதானம் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"யாரக் கேட்டு வெட்டுனீங்க?"

"வர்றவங்க கெரேத்தா நிறுத்த எடம் வேணாமா? பெரிய மனுசங்கள ரோட்டுலேருந்து நடக்க வச்சா என் மரியாதை என்னாவுறது?"

"அப்ப சாவி கெடையாது."

"இந்த மலையில இனிமே எவன் உங்களுக்கு வேலை குடுக்குறான்னு பாக்குறேன்!"

அவர் சொன்னால் செய்யக்கூடியவர். ராய்ஸ்டன் என் கையைப் பிடித்து இழுத்தான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கிளாஸை அண்ணன் கையிலேயே கொடுத்தேன்.

"இது எங்க போவுது தெரியுமாண்ணே? ஓடையில விழுந்து நேரா லயத்துத் தொட்டிக்கு. உங்க அம்மா இன்னிக்கு இதுலதான் சோறாக்கணும்."

தோட்டத் தொழிலாளர்களின் அந்த லயத்து வரிசை வீடு ஒன்றில்தான் அவர் பிறந்தார். அவர் எவ்வளவோ கூப்பிட்டும் அவர் அம்மா அந்த வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். அண்ணன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு விழா ஏற்பாட்டைக் கவனித்த மாமாவுக்குப் போன் போட்டார்.

"மாமா, நாளைக்குத் தெறப்பு விழா இல்ல. ஆமா, எல்லாருக்கும் சொல்லிடுங்க. தப்பு எம்மேலதான்."

அன்று சாயங்காலமே லயத்துக்குத் தண்ணீர் லோரி போனது. வெட்டிய இடத்தில் காய்ந்த புல்லைப் பரப்பி, மண்ணைப் பிடித்துக்கொள்ள வெட்டிவேர் நட்டோம். அண்ணனும் காலணியைக் கழற்றிவிட்டு நட்டார், கோணல்மாணலாக. கார்கள் நிறுத்தக் கீழே ரோட்டோரமே இடம் பார்த்தோம்.

வேர் பிடித்த பிறகு விழா நடந்தது. சொல்லிவைத்தாற்போல் அன்றும் மழை. பெரிய மனிதர்கள் குடை பிடித்துத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்து வந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் கிளாஸைத் தேடினேன். காணவில்லை. அண்ணன் பட்டு ஜிப்பா தொப்பலாக நனைய ஓடையோரத்திலிருந்து மேலேறி வந்துகொண்டிருந்தார். கையில் கிளாஸ். நேராகப் போய் அவர் அம்மா முன்னால் வைத்தார்.

"பாரும்மா!"

கிளாஸுக்கு அந்தப் பக்கம் இருந்த அவர் அம்மாவின் விரல் ரேகைகூடத் தெரிந்தது. சாவியை எடுத்து நீட்டிவிட்டு, கிளாஸுக்குக் கை நீட்டினேன்.

அண்ணன் கிளாஸை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இது இங்கயே இருக்கட்டும் லா. ஒவ்வொரு மழைக்கும் நான் பிடிச்சுப் பாக்கணும். நீங்க வேற கிளாஸ் வாங்கிக்குங்க."