சாப்பிடுற கை

"நாப்பது வரணும். போன வாட்டி மாதிரி உள்ள போயி ஹீரோ வேலை காட்டாத," என்றாள் நோரா.

"சொம்மா இரு நோரா," என்றான் ராஜநாயகம்.

அரசு ஆஸ்பத்திரியில், மாற்றுத்திறனாளி சான்றிதழ் தரும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது சதவீத ஊனம் என்று டாக்டர் எழுதினால்தான் மாத உதவித்தொகைக்கு மனு போட முடியும். முதல் தடவை ராஜநாயகம் தனியாக வந்து, கேட்டதற்கெல்லாம் "செய்வேன் டாக்டர்" என்று சொல்லியிருந்தான். முப்பத்தைந்து போட்டு அனுப்பிவிட்டார்கள். மேல்முறையீட்டில் கிடைத்த இன்றைய பரிசோதனையை விட்டால் வேறு வழியில்லை.

அடையாறில் ஸ்கூல் வேன் ஓட்டியவன். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அவன் மனைவி நோரா அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறாள். இன்னொரு வீடும் கேட்டார்கள். மத்தியானம் பட்டினப்பாக்கம் வீட்டுக்கு ஓடிவந்து அவனுக்குச் சோறு ஊட்ட வேண்டியிருந்ததால் அதை விட்டுவிட்டாள்.

இடது கையால் தலை வாருவான், போன் பேசுவான். அந்தக் கையைச் சோற்றில் மட்டும் வைக்கமாட்டான். கால் கழுவுகிற கை, வாய்க்குப் போகாது என்பான். ஸ்பூனும் அந்தக் கையில்தானே பிடிக்கணும் என்று அதையும் தள்ளிவிட்டான். மகள் ஜொவிட்டா கண்ணில் படாத நேரம் பார்த்துத்தான் தட்டையே எடுப்பார்கள். ஊட்டுவதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நோரா மாதா மேல் சத்தியம் செய்திருந்தாள்.

பக்கத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த அமீன் சிரித்தான். "இன்னா நைனா, சட்டைய இஸ்திரி போட்டுக்கினு வந்துக்கீற? பொண்ணு பாக்கவா வந்த? கொஞ்சம் கசங்கி வரக் கூடாது?"

"ஆஸ்பத்திரிக்கு வரசொல்ல நீட்டா வரணும் பாய்."

"வா வா. நீட்டா வெளிய அனுப்புவாங்க."

பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் சுந்தரவல்லி நிமிர்ந்து பார்த்தார். "கையைத் தூக்குங்க."

ராஜநாயகம் தோளை ஒரு வெட்டு வெட்டி வலது கையை நெஞ்சு வரை வீசினான். வீட்டில் பழகி வைத்திருந்த வித்தை.

"சட்டை போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்குவேன்."

"தண்ணி குடிக்கிறது?"

"குடிப்பேன்."

"சாப்பாடு? வலது கையாலயா, இடது கையாலயா?"

"வலது கையாலதான். நானே சாப்பிடுவேன்."

டாக்டரின் பேனா காகிதத்தில் இறங்கியது. அவ்வளவுதான். இன்னும் ஒரு வரி எழுதினால் கதை முடிந்தது. நோரா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். மாதாவே, மன்னிச்சுடு.

"டாக்டரம்மா, நான்தான் ஊட்டுறேன்."

"நோரா!"

"மூணு வேளையும் நான்தான் ஊட்டுறேன். அது வெக்கப்பட்டுக்கினு பொய் சொல்லுது."

ராஜநாயகத்தின் முகம் கறுத்தது. "இவ சொல்றதை எழுதாதீங்க டாக்டர். பணத்துக்காக என்னை மொடமாக்குறா."

கதவோரம் நின்ற ஊழியர் எட்டிப் பார்த்தார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுத் தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவன் முன்னால் நகர்த்தினார்.

"ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொன்னா நான் எதை எழுதறது? ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்க."

இட்லி. வலது கை மேஜை மேல் நகர்ந்து போனது. விரல்கள் மடங்கவில்லை. இட்லி டப்பாவின் மூலைக்கு ஒதுங்கியது. மறுபடி அழுத்தினான். உடைந்து மேஜையில் உதிர்ந்தது.

"இடது கையால எடுங்களேன்."

"அது சாப்பிடுற கை இல்ல டாக்டர்."

"பசிச்சா?"

ராஜநாயகம் மறுபடி வலது கையை இட்லிக்கு நகர்த்தினான். நெற்றியில் வியர்வை. எழுந்து போய்விடுவான் என்றுதான் நோரா நினைத்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. அவன் எழவில்லை.

"கதவை சாத்தச் சொல்லுங்க," என்றான்.

ஊழியர் சாத்தினார். ராஜநாயகம் நோராவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி வாயைத் திறந்தான்.

அவள் ஒரு துண்டு இட்லியைப் பிட்டு ஊட்டினாள். அவன் மென்று விழுங்கினான்.

டாக்டர் அவன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிடிமானத்தைச் சோதித்தார். தோளை அசையாமல் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னார். கை எழவே இல்லை. பிறகு நீண்ட நேரம் எழுதினார்.

"நாற்பதைத் தாண்டுது. சான்றிதழ் வந்ததும் உதவித்தொகைக்கு மனு போட்டுடுங்க," என்றார்.

வெளியே வந்ததும் அமீன், "இன்னா நைனா, ஆச்சா?" என்றான்.

"ஆச்சு," என்று நோராதான் சொன்னாள்.

மாடிப்படிக்கு வந்ததும் ராஜநாயகம் நின்றான். "அத்தினி பேர் முன்னால என்னைக் காட்டிக் குடுத்துட்ட."

"ஆமா."

"இன்னொரு வாட்டி கூப்பிட்டா? அப்பவும் சொல்வியா?"

"சொல்வேன்."

வரும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறியவன், இப்போது இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கினான். நோரா தடுக்கவில்லை. விழுந்தால் தாங்கிக்கொள்கிற தூரத்தில், அவனுக்கு ஒரு படி கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.