அதிராத மேசை

ரெக்கார்டு பிளேயரைப் பலகையோடு சேர்த்து ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்த சைக்கிள் டியூபை மறு கையால் உருவி எடுத்தாள் டெய்லரம்மா. பாதி காற்றடித்த டியூப். அதற்குக் கீழே கருங்கல், கல்லுக்குக் கீழே மணல் நிரப்பிய பெட்டி. இசைத்தட்டுக்குத் தரையின் அதிர்வு எட்டாமலிருக்க அவள் கணவர் கட்டிய கோட்டை அது.

அவர் அதே அறையில் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். காலையில் கண் விழித்தவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு ரெக்கார்டு போடு."

"போடறேன்" என்றாள். போடத்தான் போகிறாள். எப்படிப் போடுவது என்பதைத்தான் இத்தனை வருஷமாக மனதுக்குள் ஊறவைத்திருந்தாள்.

கோட்டையைப் பிரிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணலைச் சலித்துக் காயவைத்தவள் அவள். கல்லின் ஒரு முனையைப் பிடித்தவளும் அவள்தான். கட்டி முடித்ததும் அவர் சுழலாத தட்டில் முள்ளை இறக்கிவிட்டு மேசையை விரல் முட்டியால் தட்டுவார். ஸ்பீக்கரில் காதை வைத்திருப்பார். "டொக்குன்னு கேட்டா நாம தோத்தோம்" என்பார். தோற்ற நாளெல்லாம் குற்றம் மாடியில் இருந்தது. மாடியில் அவளுடைய மோட்டார் வைத்த தையல் மிஷின் இருந்தது.

மிஷின் காலடியில் சாக்கு வைத்துப் பார்த்தார், மடித்த கம்பளி வைத்துப் பார்த்தார், ரப்பர் செருப்பை அறுத்துச் சொருகினார். கீழே கர்ரென்ற உறுமல் நிற்கவில்லை. அவள் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த நேரத்தில் மிஷினை விற்றுவிட்டார். திரும்பி வந்தவள் மாடித் தரையில் நாலு கால் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதி தைத்த பள்ளிச் சீருடைகளை அவர் அழகாக மூட்டை கட்டி வைத்திருந்தார்.

"இப்பக் கேளு. பாடறவ மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது" என்றார்.

அன்று அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் ஆறிவிடும். ஆறக்கூடாது என்று நினைத்தாள். தெருவில் பெயர் மட்டும் டெய்லரம்மா என்றே தங்கிவிட்டது. பல்லைப் பிடுங்கிய பாம்புக்கும் பாம்பு என்றுதானே பெயர்.

மதியம் தெருமுனைத் தையல்காரரும் அவர் தம்பியும் அவள் சொல்லிவைத்திருந்த ஒரு பழைய மோட்டார் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். "எங்கக்கா வைக்கிறது?" என்றவர் கட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்கயே. இந்த மேசைய ஒட்டி."

அவர்கள் போனபின், விரித்து வைத்திருந்த ஆடும் மடக்கு மேசையில் பிளேயரை வெறுமனே வைத்து, மிஷினை அதோடு முட்டவிட்டாள். அவர் உயிராய்ப் போற்றிய தட்டை உறையிலிருந்து எடுத்தாள். முள்ளை இறக்கினாள். ஒரு பெண் குரல் அறைக்குள் எழுந்தது. அவர் இமை திறந்தது, உதடு அசைந்தது.

டெய்லரம்மா உட்கார்ந்து பெடலை மிதித்தாள்.

குரல் சேற்றுக்குள் இறங்கியது. முள் துள்ளியது, ஒரே சொல் திரும்பத் திரும்ப விக்கியது.

"என்ன... ஆடுது?"

"ஒண்ணும் ஆடலையே."

"கல்லு?"

"எடுத்துட்டேன். மணலையும் எடுத்துட்டேன். தலகாணி உறை தைக்கிறேன், பேசாம படுங்க."

அவர் தலையைத் திருப்ப முயன்று, முடியாமல், உத்தரத்தையே பார்த்தார். நிறுத்து என்பார், கெஞ்சுவார் என்று அவள் காத்திருந்தாள். கெஞ்சினால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவளிடம் தயாராக இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டை அல்ல. புருவம் சுருங்கியது, சரியில்லாத சத்தத்தைத் தேடும்போது சுருங்குமே, அந்தச் சுருக்கம்.

"பாபின் பக்கம் உரசுது" என்றார். "எண்ணெய் விடு."

அவள் கை நின்றது. உண்மைதான். துணிக்கு அடியில், கீழ்நூல் சுற்றிய பாபினில், லேசாக ஓர் உரசல். விரல் எப்போதோ உணர்ந்திருந்தது. கோபத்தில் அவள்தான் கவனிக்கவில்லை. சாகக் கிடக்கும்போதும் மிஷினில் நொட்டை சொல்ல வந்துவிட்டார்! அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. எண்ணெய் விடாமலே முழு மூச்சாய் மிதித்தாள். முள் தட்டின் குறுக்கே ஒரே இழுப்பாய் இழுத்துக்கொண்டு போய் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. உறையின் நாலு ஓரமும் முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் திறந்தபடி இருந்தது, மார்பு அசையவில்லை.

எந்தத் தையலில் போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வீடு நிறைந்திருந்தது. அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பழக்கத்தில் பூனைபோல நடந்தார்கள். இந்த வீட்டில் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று அவர் எல்லோரையும் பழக்கியிருந்தார். அவரோடு சேர்ந்து இசைத்தட்டு கேட்கும் நண்பர், வழுக்கைத்தலைக்காரர், அவளருகே வந்து குனிந்தார்.

"கடைசியா என்ன கேட்டாரும்மா?"

"எண்ணெய் கேட்டாரு."

நண்பர் விழித்தார். தட்டின் பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தவர் அங்கிருந்து நகர்ந்தார்.

மகள் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள். கையில் கீறல் விழுந்த தட்டு.

"அம்மா, என்னம்மா இது? அந்த மிஷின் ஏது?"

"என்னுது."

மகள் தட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "எல்லாரும் பாக்கறாங்க. அத எங்கயாவது ஒதுக்கி வைக்கலாம்மா."

"மாடிக்கு ஏத்தச் சொல்லு."

"இப்பவா? அப்பாவ இன்னும் எடுக்கலையே."

"அதான் இப்பவே."

துக்கத்துக்கு வந்திருந்த தையல்காரரும் தம்பியும் மிஷினைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தார்கள். மரப்படியில் முதல் காலை வைத்ததும் நண்பர் பதறி எழுந்தார். "மெல்லப்பா, மெல்ல!"

"மெல்ல என்னத்துக்கு?" என்றாள் டெய்லரம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "வெயிட்டான சாமான். நல்லா ஊனி மிதிச்சு ஏறுங்க."

இரண்டு பேரும் பாரத்தோடு ஏறினார்கள். தடால், தடால் என்று படி ஒவ்வொன்றும் வீட்டை உலுக்கியது. யாரோ குடித்துவிட்டு அவர் தலைமாட்டருகே வைத்துப் போன டம்ளரில், மீதித் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. மாடியில் மிஷினை இறக்கி வைத்த சத்தம் கேட்டது. டெய்லரம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையாமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.