தையல்காரர் போடாத ஊசி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, அக்கா கேட்டது. அவள் நர்ஸ். "ஃப்ளூ ஊசியை வருஷா வருஷம் போடணும்னு ஒரு கதை எழுதிக் குடுடா. கிளினிக் சுவர்ல ஒட்டணும். உபதேசம் மட்டும் வேண்டாம்" என்றாள். அது இல்லாமல் எழுதத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ பெரிய ஆளாகியிருப்பேன்.

2
முதல் வரி: "குளிர் தன் சாம்பல் நிறப் போர்வையை..." (அடித்துவிட்டேன். மன்னிக்கவும்.)

மறுபடி: ஒரு தையல்காரர் இருந்தார். இருபது வருட வாடிக்கையாளர் வந்தாலும் நாடாவை எடுத்துப் புதிதாக அளவெடுப்பார். "போன வருஷ அளவு போன வருஷ உடம்புக்குங்க" என்பார். அப்பேர்ப்பட்டவர் ஊசி என்றதும், "அதான் போன வருஷமே போட்டேனே" என்கிறார்.

(கிருமி வருடந்தோறும் உருமாறும், பழைய ஊசியின் பலமும் குறையும் என்று இங்கே ஒன்றரைப் பக்கம் விளக்கியிருந்தேன். அக்கா கிழித்துவிட்டாள்.)

3
"அளவுல இவ்வளவு கறாரான மனுஷன் ஊசியில கோட்டை விடுவாரா? நம்பற மாதிரி இல்லையே" என்றாள்.

"விடுவாங்கக்கா."

"நீ இந்த வருஷம் போட்டியா?"

"கதையை முடிச்சுட்டு..."

4
ஆமாம், தையல்காரர் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

அப்பாவுக்கு நுரையீரல் பலவீனம். இரண்டு வருடம் முன்பு நான் கொண்டுவந்த காய்ச்சல் அவரைப் பதினொரு நாள் ஆக்சிஜனில் கிடத்தியது. போன வருடம் பயந்துபோய் முதல் ஆளாக ஊசி போட்டுக்கொண்டேன். இந்த வருடம் பயம் ஆறிவிட்டது. வெட்கமாக இருக்கிறது.

அக்கா தீர்ப்பு சொன்னாள்: "ஊசி போட்டாலும் வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் அப்பா ரூம்ல கால் வைக்காதே." தினமும் அவருக்கு முகம் மழித்துவிடுவது நான். வேறு யார் கைக்கும் அவர் கன்னத்தைக் கொடுக்கமாட்டார்.

5
முடிவு அ: தையல்காரர் திருந்தி ஊரையே கூட்டி வந்து வரிசையில் நிறுத்துகிறார். (எனக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு ஆ: அந்தக் குளிரில் அப்பா

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

முடிவு இ: தீர்ப்பு வந்து மூன்று நாள் கழித்து, இன்று காலை அக்காவே ஊசி போட்டாள். நான் இடக்கையால் எழுதுகிறவன். யோசிக்காமல் அந்தக் கையையே நீட்டித் தொலைத்தேன்.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அப்பா கேட்டார். "மூணு நாளாச்சுடா, தாடி அரிக்குது. எப்ப வருவே?"

"இன்னும் ரெண்டு வாரம்பா."

"சரி, அதுவரைக்கும் கதையை எழுது."

"கை வலிக்குதுப்பா."

ஆகவே மீதி உங்கள் பொறுப்பு. எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பதினைந்தாம் நாள் நான் அந்தக் கதவைத் திறக்கும்போது, உள்ளே அவர் தாடியோடு உட்கார்ந்திருக்கட்டும்.